நீல டேப்

மேல்மாடிக்குக் குடிவந்திருந்த அந்த மாமி, பாலோ பெட்ரோலோ, எதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். எங்கள் லேக் கார்டன்ஸ் குடியிருப்பின் புல்வெட்டும் இயந்திரம் நான்கு நிமிடம் ஓடி நின்றுவிடும். தோட்டக்கார மாலி பெட்ரோலைத் திருடிவிட்டுத் தண்ணீர் கலக்கிறார், அவரை நீக்க வேண்டும் என்று கமிட்டியில் சொல்லியிருந்தேன்.

மாமி தானாகவே இறங்கி வந்தார். பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி முகர்ந்தார். அடியில் தண்ணீர் தங்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றினார், அதுவும் சுத்தம். கடைசியாக டேங்க் மூடியைப் பார்த்தார். அதன் துளைமேல் நீல டேப்.

"காத்து உள்ள போகலேன்னா பெட்ரோல் எப்படி மாமா இறங்கும்? எந்தப் புத்திசாலி ஒட்டினது?"

பெட்ரோல் ஆவியாகிவிடக் கூடாதென்று ஒட்டியவன் நான்தான். மாமி நிமிர்ந்தார். என் மூக்குக் கண்ணாடியின் உடைந்த காலிலும் அதே நீல டேப் சுற்றியிருந்தது. அதைப் பார்த்தார். மூடியின் டேப்பை உரித்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டு மாலியிடம் வங்காளியில், "கிச்சு நா தாதா, மொய்லா" என்றார். ஒன்றுமில்லை, வெறும் அழுக்காம்.

இயந்திரம் நிற்காமல் ஓடியது. மாலி எங்கள் இருவரையும் கும்பிட்டார்.

மாமி என்னைக் காப்பாற்றினாரா, நானே சொல்லட்டும் என்று விட்டாரா, தெரியவில்லை. மாமி வீட்டார் மாற்றலாகிப் போய்விட்டார்கள். கண்ணாடிக்குப் புதுக் கால் போட்டாயிற்று. மாலியிடம் இன்னும் சொல்லவில்லை.