சரோஜா அக்கா கிணற்றுக் கெண்டைகள்

செல்லங்களா, ஆலத்தியூர் பக்கத்தில் ஒரு கடலைக் காட்டில் ஜீப்பை நிறுத்தியிருக்கிறேன். நிலத்தடி நீரை ஆராயும் மேடத்துக்கு உங்கள் அப்பா நான்தான் டிரைவர், அளவு டேப்பைப் பிடிப்பதும் நான்தான். கிணற்றை மோட்டார் போட்டு இறைத்துவிட்டு, தண்ணீர் எவ்வளவு வேகமாக மறுபடி ஊறுகிறது என்று பார்ப்பது இன்றைய வேலை.

கிணற்றுக்காரர் சரோஜா அக்கா சுவிட்சை மறைத்துக்கொண்டு நிற்கிறார். "தம்பி, உள்ள கெண்டை கெடக்கு. கொசுப்புழுவத் திங்கட்டும்னு எம் மவ விட்டது. அவளக் கட்டிக்குடுத்து ஆண்டிமடம் போயிட்டா. போன் போட்டா என்னைய விசாரிக்க மாட்டா, மீனு நல்லாருக்கான்னுதான் கேப்பா. சுத்தமா இறைச்சுப்புட்டா நான் அவகிட்ட என்னன்னு சொல்றது?"

மேடம் சிரிக்கிறார். "முழங்கால் அளவு தண்ணிய விட்டுடுறோம்க்கா."

சொன்னபடியே நிறுத்துகிறோம். நான் டேப்போடு படியில் இறங்குகிறேன். கலங்கல் தெளிந்ததும் பார்த்தால், கெண்டைகள் எல்லாம் வடக்குச் சுவரில், தண்ணீருக்கு அடியில் ஒரு சுண்ணாம்புக்கல் இடுக்கை நோக்கி வாலை ஆட்டிக்கொண்டு நிற்கின்றன. அங்கே கையை வைக்கிறேன். குளிர்ந்த தண்ணீர் விரலைத் தள்ளுகிறது.

"மேடம், ஊத்து இங்க இருக்கு."

மேடம் நோட்டில் கிணற்றைப் படம் வரைந்து, இடுக்கின் பக்கத்தில் ஒரு குட்டி மீனும் போடுகிறார்.

மேலே அக்கா போனில் மகளிடம் பேசுவது கிணறு முழுக்கக் கேட்கிறது. "எல்லாம் நல்லாத்தான்டி இருக்கு. உம் மீனுங்க இப்ப ஆபீசர் மேடத்துக்கிட்ட வேலை பாக்குதுங்க."