பஸ்காரரின் முதுகு தாங்கிய கார்

தைத்து வந்த சட்டைகளை அளந்து சரிபார்ப்பதுதான் எங்கள் கம்பெனியில் டேப் அக்காவுக்கு வேலை. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும், அதனால் அந்தப் பெயர். கால் அங்குலம் கூடக்குறைய இருந்தாலும் சட்டை திரும்பி வந்துவிடும். அதற்காக நாங்கள் எல்லோரும் அவரைக் கரித்துக் கொட்டியிருக்கிறோம், நானும்தான். அவர் கணவருக்கு முதுகெலும்பில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு யாரும் வாயைத் திறப்பதில்லை.

கணவர் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பஸ்காரர். அக்காவும் எங்களிடம் பேசும்போது "எங்க பஸ்காரர்" என்றுதான் சொல்வார். கட்டி நரம்பை அழுத்தியதில் அவருக்கு இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் இருபத்தைந்து தடவை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், நடுவில் விடக்கூடாது, விட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியும். திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்ததே பஸ்காரர்தான். சிக்கல், அவரைக் காரில் ஏற்றுவதில் இருந்தது. முதலில் கொழுந்தன் வந்து கூடவே இருந்தார். அண்ணனை அலாக்காகத் தூக்கி உட்கார வைத்துவிடுவார். அவரும் எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு இருக்க முடியும்? ஒன்பது தடவை முடிந்ததும் கண் கலங்கியபடி ஊருக்குக் கிளம்பினார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த வழவழப்பான பலகைதான் துணை. சக்கர நாற்காலிக்கும் கார் சீட்டுக்கும் நடுவில் அதைப் போட்டு ஆளை நகர்த்தவேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஒரு பெண்ணே நகர்த்திவிடலாம். அக்கா டேப்பை எடுத்து அளந்தார். கார் சீட் இரண்டு அங்குலம் உயரமாக இருந்தது. அந்த இரண்டு அங்குல மேட்டில் எழுபத்தெட்டு கிலோ மனிதரைத் தள்ள அவரால் முடியவில்லை. நாற்காலியில் இன்னொரு குஷன் போட்டுப் பார்த்தார். பிடிமானம் போய் பஸ்காரர் முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டார். தாங்கிப் பிடித்ததில் அக்காவின் மணிக்கட்டு பிசகிக்கொண்டது.

தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டபோது அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். "காரை இறக்கிடலாம்க்கா. பசங்க ஸ்டைலுக்குப் பண்றதுதானே." அன்றைக்கு மாலைக்குள் நான்கு ஸ்பிரிங்கையும் அறுத்துச் சின்னதாக்கிவிட்டார். கார் சரியாக இரண்டு அங்குலம் இறங்கியது.

மறுநாள் காலையில் பலகையைப் போட்டதும் பஸ்காரர் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போனார். அக்கா சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். பள்ளிக்கூடத்து வாசலில் முதல் வேகத்தடை வந்தது. மெதுவாகத்தான் ஏற்றினார். அடியில் ஏதோ டங்கென்று இடித்தது. பஸ்காரர் அலறிவிட்டார்.

கால் விழுந்தபோதுகூட சத்தம் போடாதவர். ஆஸ்பத்திரி வரைக்கும் அப்படிப் பதினோரு வேகத்தடைகள். நாலாவதில் அவர் துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டார். திரும்பி வரும்போதும் அதே பதினொன்று. வீட்டுக்கு வந்து படுத்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னார். "போதும். என்னை விட்டுடு."

பத்து முடிந்து பதினைந்து பாக்கி. அடுத்த நாள் அக்கா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். தெருவைத் தாண்டுவதற்குள் பஸ்காரர் திருப்பச் சொல்லிவிட்டார், அது சரக்கு லாரியைவிட மோசமாகத் தூக்கிப் போட்டது. அன்றைய சிகிச்சை போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, ஏன் வரவில்லை என்று. இரண்டு மூன்று நாளுக்கு மேல் விடுபட்டால் எங்களால் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

அக்கா லீவு போட்டுவிட்டு அந்தக் காரை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினார். முதல் கடைப் பையன் பளபளவென்று சிவப்பு ஷாக் அப்சார்பரை எடுத்து வைத்தான். இறக்கின வண்டிக்கு இதுதான் மேடம், ரோட்டை ஒட்டிக்கிட்டுப் போகும் என்றான்.

"ரோட்டை ஒட்ட வேணாம் தம்பி. கீழே ரோடு இருக்கறதே தெரியக்கூடாது."

அப்படியென்றால் பழைய உயரத்துக்கே தூக்கிவிடுங்கள் என்றான் அவன். அடுத்த கடையிலும் அதே பேச்சு. இறக்கமும் வேண்டும், சுகமும் வேண்டும் என்றால் எப்படி என்று மூன்றாவது கடைக்காரர் சிரித்தேவிட்டார். அந்தக் கடை வாசலிலேயே காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுததாக அக்கா பிறகு என்னிடம் சொன்னார். தூக்கினால் ஏற்ற முடியாது. இறக்கினால் தாங்கமாட்டார். இரண்டு அங்குலத்துக்குள் மனுஷனைச் சாகவிடப் போகிறோமா என்று நினைத்தாராம்.

நாலாவதாகப் போனது, சிரித்தவரே கைகாட்டிய ஒரு பட்டறை. அந்த மெக்கானிக்குக்கு ரேடியோ என்று பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். அக்கா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தன் மாமனாரின் மூட்டுவலி வரைக்கும் பேசிவிட்டார். காரைத் தூக்கி அடியில் பார்த்ததும்தான் அந்த வாய் ஓய்ந்தது.

அறுத்த ஸ்பிரிங் விறைத்துவிடும் என்று விளக்கினார். பழைய ஷாக் நெட்டை. வண்டி இறங்கிவிட்டதால் அது அமுங்குவதற்கு ஒரு விரற்கடைகூட இடமில்லை. சின்னப் பள்ளத்துக்கே உள்ளே இருக்கிற ரப்பர் கட்டையில் போய் முட்டுகிறது. அந்த முட்டல்தான் நேராக முதுகுக்குப் போகிறது. ரேடியோ ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இறக்கம் ஒரு அங்குலம் போதுமாக்கா? அதுக்கு மேல இறக்கினா சுகத்துக்கு நான் பொறுப்பில்லை."

அக்கா யோசித்துவிட்டு, மீதி ஒரு அங்குலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கார் சீட்டின் ஸ்பாஞ்சில் அரை அங்குலம் சீவச் சொன்னார். நாற்காலிக் குஷனில் அரை அங்குலம் ஏற்றிக்கொண்டார். ரேடியோ மெத்தென்ற புது ஸ்பிரிங் போட்டார். அதற்குத் தோதாகக் குட்டையான ஷாக் தேடிப் பிடித்தார். அதன் தலையில் ஒரு திருகு உண்டு. கிளிக் கிளிக் என்று திருகி இறுக்கலாம், தளர்த்தலாம். இதற்குள் இரண்டாவது நாளும் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலையில் ரேடியோ ஓட்ட, அக்கா பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து வந்தார். பள்ளிக்கூட வேகத்தடையில் ஏறி இறங்கினார்கள். பிரமாதம் இல்லையா என்றார் ரேடியோ.

"எனக்கு எப்படித் தெரியும்? வலி என் முதுகுல இல்லையே" என்றார் அக்கா.

வீட்டுக்குப் போனார்கள். பஸ்காரர் சுவர்ப் பக்கம் திரும்பியே கிடந்தார். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடலைங்க. வண்டியில ஒரு ரவுண்டு வந்து, எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. எனக்குச் சொல்லத் தெரியலை" என்றார்.

அக்கா எழுந்துகொள்ளப் போன சமயம் அவர் கேட்டார். "ஷாக் புதுசா, பழசா?"

பலகை போட்டு ஏற்றினார்கள். அக்கா ஓட்ட, ரேடியோ பின்னால் உட்கார்ந்தார். பள்ளிக்கூட வேகத்தடை. பஸ்காரர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். தொண்டைக்குள் ஒரு முனகல். "நிறுத்து."

எல்லாம் முடிந்தது என்றுதான் அக்கா நினைத்தார். வண்டியை ஓரங்கட்டினார். பஸ்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு, ஏறும்போது சரியாக இருக்கிறது, இறங்கின பிறகு பின்பக்கம் உதைத்துக்கொண்டு எழுகிறது என்றார். "பின்னாடி ரெண்டு கிளிக் இறுக்கச் சொல்லு."

இறுக்கினால் இன்னும் குலுக்குமே சார் என்று ரேடியோ ஆரம்பித்தார். பஸ்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்பிரிங் அமுங்குறது தப்பில்ல. அமுங்கினது துள்ளிக்கிட்டு எழுந்திரிக்குது, அதைப் பிடிச்சு வைக்கணும். இறுக்குங்க."

ரேடியோ தெருவிலேயே குந்தி உட்கார்ந்து திருகினார். மறுபடி ஏறி இறங்கினார்கள். இன்னும் ஒன்று என்றார் பஸ்காரர். மூன்றாம் முறை கார் ஏறியது, தாழ்ந்தது, அப்படியே அமர்ந்தது. அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"வலிக்குதாங்க?"

"வலிக்குது. தாங்கிக்கலாம்." கொஞ்ச தூரம் போனதும் அவராகவே கேட்டார். "இன்னிக்கு எத்தனை மணி வரைக்கும் கரண்ட் வைப்பாங்க?"

ரேடியோவை அங்கேயே இறக்கிவிட்டுவிட்டு இருவரும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விடுபட்ட நாட்களுக்காக நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அக்காதான்.

பாக்கியிருந்த பதினைந்தும் முடிந்தன. கால்கள் திரும்பவில்லை. வலி பாதிக்குமேல் குறைந்தது, உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. சனிக்கிழமைகளில் அக்கா அவரைப் பஸ் நிலையம் வரைக்கும் கூட்டிப்போவார். காரில் இருந்தபடியே, உள்ளே திரும்புகிற ஒவ்வொரு டிரைவரையும் அவர் குறை சொல்லிக்கொண்டிருப்பார். கிளட்சிலிருந்து காலை எடு என்று நடுநடுவே அக்காவுக்கும் விழும்.

ஏழு மாதம் கழித்து நோய் நுரையீரலுக்குப் பரவியது. அதற்கு மேல் எந்த வண்டியிலும் அவரால் உட்கார முடியவில்லை. வீட்டிலேயே, கொழுந்தனும் அக்காவும் பக்கத்தில் இருக்க, ஒரு மத்தியானம் போய்விட்டார்.

இத்தனை கஷ்டப்பட்டும் ஏழு மாதம்தானே என்று யாரோ துக்கம் கேட்க வந்த இடத்தில் சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா கோபப்படவில்லை. "முப்பது சனிக்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.