கழற்றிப் பார்த்து வாங்கிய டோ பார்

1996ஆம் வருடம் மே மாதம் 4ஆம் தேதி, சனிக்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிடம். ஒன்பது டிகிரி குளிர், பிசுபிசுவென்று தூறல். மாண்ட்ரியாலுக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கடையின் பின்பக்கம். என் மனைவி புடவைக்கு மேல் கனத்த கோட்டும் காலில் பனி பூட்ஸுமாக ஒரு காருக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஏன் அப்படி உட்கார்ந்தாள் என்று சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தின வருடம்தான் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். பாலங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடும் வேலை; இருபத்தாறு வருடம் அதைத்தான் செய்தேன். வேலை போனது, கணக்குப் போடும் பழக்கம் போகவில்லை. கூட வேலை பார்த்த ஒருவர் தன் பழைய மோட்டார்ஹோமை விற்றபோது வாங்கிவிட்டேன். இருபத்தைந்து அடி நீளம். உள்ளேயே படுக்கை, குளியலறை, மூன்று பர்னர் அடுப்பு. அந்த அடுப்புக்காகத்தான் வாங்கினேன் என்று கூடச் சொல்லலாம். என் மனைவி வெளியில் எங்கேயும் சாப்பிட மாட்டாள். எந்த சூப்பைக் கொடுத்தாலும், "இதுல என்ன எலும்பைப் போட்டுக் கொதிக்க வச்சிருக்கான்?" என்பாள். கனடாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் நாங்கள் கிழக்கே கடலோரம் பார்க்காததற்கு அது ஒன்றே காரணம். சமையலறையும் கூடவே வருகிறது என்றதும் அவள் சம்மதித்தாள்.

ஆனால் நவம்பரில் எனக்கு நெஞ்சு வலி வந்து, ரத்தக்குழாயில் பலூன் விட்டு அடைப்பை எடுத்தார்கள். டொராண்டோவில் இருக்கும் எங்கள் மகள் போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "அப்பாவுக்குக் காட்டுல எங்கயாவது ஏதாவது ஆச்சுன்னா அம்மா என்ன பண்ணுவா? அதுக்குப் பதில் சொல்லிட்டுக் கிளம்புங்க."

நியாயமான கேள்வி. என் மனைவிக்கு மோட்டார்ஹோம் ஓட்ட வராது. எங்கள் சின்னக் காரை ஓட்டுவாள். ஐம்பது வயதில் கியர் வண்டியிலேயே லைசென்ஸ் வாங்கியவள். ஆகவே அந்தக் காரையும் மோட்டார்ஹோமுக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவது, அவசரம் என்றால் அவள் அதைக் கழற்றி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. இரண்டு வண்டியையும் இணைக்கும் இரும்புக் கம்பிக்குத்தான் டோ பார் என்று பெயர்.

எந்த டோ பார் என்று முடிவு செய்ய நான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். கார் 1,030 கிலோ. கம்பி எவ்வளவு தாங்கும், சங்கிலி எவ்வளவு தாங்கும், பிரேக் அடித்தால் எவ்வளவு அழுத்தம் வரும் என்றெல்லாம் பார்த்தேன். ஏழு கடைகளுக்குப் போன் செய்தேன். வேலையிடத்தில் எல்லாம் ஆங்கிலம்தான், என் பிரெஞ்சு கடைக்குப் போதாது. அதனால் செயின்ட்-மிஷேலில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரை அன்றைக்கு மொழிபெயர்க்கக் கூட்டிப்போனேன். பிரெஞ்சையும் தமிழ் மாதிரியே மூச்சுவிடாமல் பேசுவார்.

கடையில் மூன்று வகை இருந்தது. முதலாவது மடங்காத ஒரே துண்டு. விலை குறைவு, நல்ல பலம். என் மனைவி ஒரு முனையைத் தூக்கினாள், உடனே கீழே வைத்தாள். "இதைத் தூக்கினா ரெண்டு ஆம்புலன்ஸ் கூப்பிடணும், ஆளுக்கு ஒண்ணு" என்றாள்.

இரண்டாவது, மோட்டார்ஹோமின் பின்பக்கத்திலேயே மடித்து வைக்கலாம். நீட்டினால் இரண்டு கைகள் வந்து காரின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். விலை 395 டாலர். எங்கள் காரைப் போல இரண்டு பங்கு எடையை இழுக்கும். நான் மனதுக்குள் அதை வாங்கியே விட்டேன். பின்பக்கத்தில் ஒரு காரில் பூட்டிக் காட்டினார்கள். அப்போதுதான் அவள் மண்டி போட்டாள். கம்பியின் கைகளைக் காரோடு பூட்டும் ஆணியை, அதாவது பின்னை, இழுத்தாள், சுலபமாக வந்தது. நான் பர்ஸை எடுத்தேன்.

"இருங்க. வண்டியைக் கொஞ்சம் கோணலா, மேடு பள்ளமா நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

"எதுக்கு? அதான் வந்துடுச்சே."

"நெஞ்சு வலி சமதளம் பார்த்தா வரும்?"

நண்பர் சிரித்துக்கொண்டே அதைப் பிரெஞ்சில் சொன்னார். கடைக்காரர் வண்டியைத் திருப்பி, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்படி நிறுத்தினார். இப்போது பின் அசையவில்லை. கம்பி முழுக்க இழுவிசையில் இருந்ததால் இறுகிப்போயிருந்தது. அவள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். கடைக்காரர் உள்ளே போய்ச் சிரித்த முகத்தோடு ஒரு சுத்தியலைக் கொண்டு வந்தார்.

"அக்கா, ரெண்டு தட்டுத் தட்டினா வந்திடுமாம். எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவையாம்" என்றார் நண்பர்.

"எல்லாரும் தட்டட்டும். ஒரு கையில இவரைப் பிடிச்சுக்கிட்டு நான் எந்தக் கையால தட்டறது?"

இதையும் நண்பர் மொழிபெயர்த்தார். கடைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலே மூன்றாவதைக் கொண்டுவந்தார். அதில் ஒவ்வொரு கைக்கும் ஒரு சின்ன லீவர். எவ்வளவு இறுகியிருந்தாலும் லீவரை அழுத்தினால் கை தளர்ந்துவிடும். அதே கோணலில் பூட்டினார்கள். அவள் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். டக். அடுத்த பக்கம். டக். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

"இதுதான்."

விலை 745.

"ரெண்டு லீவருக்கு முந்நூத்தம்பது டாலர் அதிகமா!" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஐயா, உங்கட நெஞ்சுக்கு முந்நூற்றைம்பது கூடவோ?" என்று கேட்டார் நண்பர். அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்தேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு வாங்கினேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், மாண்ட்ரியாலில் நாங்கள் குடியிருந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் பயிற்சி. அவள் கழற்றுவாள், நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். முதல் தடவை ஒன்பது நிமிடம் ஆனது. ஜூன் கடைசியில் மூன்று நிமிடத்துக்குள் முடித்தாள். ஒரு தடவைகூட நான் கழற்றிப் பார்க்கவில்லை. நோயாளி எதற்குப் பயிற்சி எடுக்க வேண்டும்? அப்படி வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். மகள் என் ஈசிஜி, மருந்துப் பட்டியல், டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் பிரெஞ்சில் எழுதி வாங்கி ஒரு நீல ஃபைலில் போட்டுக் கொடுத்தாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அதை மாட்டி வைத்தோம்.

ஜூலையில் கிளம்பினோம். நான்காம் நாள் மாலை நான்கு மணிக்கு, ஆற்றோரம் மோட்டார்ஹோம்களை நிறுத்தித் தங்கும் ஒரு முகாம் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறு அங்கே கடல் மாதிரி அகன்று கிடந்தது. நல்ல மழை. எங்களுக்குக் கிடைத்த இடம் ஆற்றைப் பார்த்துச் சரிந்திருந்தது. மோட்டார்ஹோம் மேலே, கார் கீழே. வழக்கம்போல அவள் கழற்ற இறங்கினாள். நான் உள்ளே தண்ணீர்த் தொட்டியின் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமே வராததால் எட்டிப் பார்த்தேன். வண்டிப் படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, மழையிலும் வியர்த்திருந்தது.

"நீங்க கழட்டுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள்.

முப்பத்திரண்டு வருடத்தில் அவள் அந்த வார்த்தையைத் தனக்காகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சுற்றிலும் பார்த்தேன். பக்கத்து இடங்களில் ஆளே இல்லை. போன் இருந்த அலுவலகம் நுழைவாயிலில், நடந்தால் கால் மணி நேரம். பெரிய வண்டிக்கு முன்னால் மரங்கள், அதைக் காரோடு சேர்த்துப் பின்னால் எடுக்கவும் முடியாது; இழுக்கும் கம்பி பின்னால் தள்ளுவதற்கு ஆனதல்ல.

"எனக்குத் தெரியாதே" என்றேன்.

"தெரியாதுன்னு நிக்காதீங்க. நான் சொல்றேன், செய்யுங்க. முதல்ல கார்ல ஹேண்ட் பிரேக். இல்லாட்டி கார் ஆத்துக்குள்ள போயிடும்."

போட்டேன்.

"விளக்கு வயரைப் பிடுங்குங்க. அப்புறம் சங்கிலி. ரெண்டு கொக்கி."

ஒரு கொக்கி கையிலிருந்து நழுவி என் காலில் விழுந்தது. சரிவில் காரின் பாரம் முழுவதும் அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் லீவரை அழுத்தினேன், வழுக்கியது.

"ரெண்டு கட்டைவிரலாலயும்" என்றாள். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

அழுத்தினேன். டக்.

"இன்னொண்ணு."

டக். பிறகு பின்கள் குழந்தை பல் மாதிரி வந்துவிட்டன. எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. கடிகாரம் கையில்தான் இருந்தது, பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி இருந்த ஊர் முப்பத்தொரு கிலோமீட்டர். கார் கியரை நான் தொட்டே பல மாதம் ஆகியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டே இரண்டு தடவை "கிளட்ச்" என்றாள்.

அங்கே போய் நான் செய்ததை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. கிளம்பும்போது பதற்றத்தில் மோட்டார்ஹோமிலிருந்து என்னையறியாமல் அந்த நீல ஃபைலை எடுத்து வந்திருக்கிறேன். அதை அவசரப் பிரிவு நர்ஸின் கையில் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார், ஒரே நிமிடத்தில் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு வரவில்லை. என் மனைவி சுவரைப் பிடித்தபடி வந்து நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "நோ, நோ. முவா" என்றாள். நான்தான் என்று அர்த்தம். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலையே அறுவை சிகிச்சை. பித்தப்பை சீழ் பிடித்து வெடிக்கும் நிலையில் இருந்திருக்கிறது. இரண்டு மூன்று நாளாகவே வலித்திருக்க வேண்டும், இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

மறுநாள் அவளிடம் கேட்டேன். "ஏன் சொல்லலை?"

"வாயுன்னு நெனச்சேன். உங்களுக்கு எதுவும் ஆயிடக் கூடாதேன்னு உங்களையே பார்த்துக்கிட்டிருந்தேனா, இது உறைக்கலை."

மகள் டொராண்டோவிலிருந்து ஓடி வந்தாள். அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு ஒரு காகிதம்கூட நான் வாங்கி வைக்கலையேப்பா" என்று அழுதாள். நான் அவளை என்ன சொல்ல? இரண்டு மாதம் எல்லா பாரத்தையும் கணக்குப் போட்டவன் நான். அதில் என் மனைவியின் உடம்பு எங்கேயும் வரவில்லை.

அவள் தேறிவிட்டாள். அடுத்த கோடையில் விட்ட இடத்திலிருந்து கிளம்பிக் கடலையும் பார்த்தோம். காரை ஒரு நாள் அவள் கழற்றினாள், ஒரு நாள் நான். யாராவது இன்றைக்கு என் நெஞ்சைப் பற்றி விசாரித்தால், பதில் சொன்ன கையோடு, அவளையும் விசாரியுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். அவளாகச் சொல்ல மாட்டாள் என்று அந்த மழையில்தான் தெரிந்துகொண்டேன். டோ பார் 745, கம்பியை மாட்டக் காரில் பொருத்திய தகடும் கூலியும் 310, சங்கிலியும் விளக்கு வயரும் 96. என் உயிருக்கு என்று நினைத்து முணுமுணுத்துக்கொண்டே கொடுத்து, அவள் உயிருக்கு ஆன அந்தத் தொகை, மத்திய வரி, மாகாண வரி இரண்டும் சேர்த்து, 1,311 டாலர் 62 சென்ட்.