ராக்கெட்டில் தலைகீழாய் நின்ற ஜப்பான்காரி

பட்டாசு லேபிளுக்குப் படம் போடுகிறவன், கொளுத்திப் போடுவதற்கென்றே வரைகிறவன். அதிலும் ஆயிரம் நொட்டை சொல்வார்கள். அடுத்தவர் ரசனைக்கு வேலை பார்க்கும் சக பாவிகளே, கேளுங்கள்.

பல்வலிப் பாட்டு

சிவகாசி அச்சகத்து மாடியில் நான் வரைய உட்கார்ந்தால், அறுபதுகளின் இங்கிலீஷ் கிடார் பாட்டு ஓடியாக வேண்டும். எழுபத்தெட்டு வயதிலும் கால் தானாகத் தாளம் போடும். வாலிபத்தில் அந்தப் பாட்டுக்கு நான் ஆடிய ஆட்டத்தில் மல்லாங்கிணறு கண்மாய்க் கரையே விரிசல் விட்டது. சந்தேகமென்றால் போய்ப் பாருங்கள். கீழே தாள் வெட்டும் செல்வி ஒருநாள் படியேறி வந்து கேட்டாள்: "அண்ணாச்சி, அந்த ஆளு எம்புட்டு நேரமா பல்லுவலியில கத்துறாரு, ஒரு கிராம்பு குடுக்கப்படாதா?"

முட்டைக் கண்ணி

இந்த சீசனுக்குப் புது ராக்கெட் லேபிள். வீடியோ கேசட் காலத்தில் நான் மயங்கிக் கிடந்த ஜப்பான் கார்ட்டூன் நாயகியை வரைந்தேன். முட்டைக் கண், குதிரைவால் முடி, பூட்ஸுக்கு அடியில் சீறும் நெருப்பு. என் பங்குக்குக் கையில் ஒரு கிடார். பட்டாசுக் கம்பெனி முதலாளி உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதல் லோடு விருதுநகர் வியாபாரிக்குப் பிடிக்கலைன்னா, அடுத்த லேபிளுக்கு வேற ஆளைத்தான் பாக்கணும் அண்ணாச்சி."

திரியும் தீயும்

நாரணாபுரம் பட்டாசு ஆலையில் லேபிள் ஒட்டி முடித்த ராக்கெட்டுகளைப் பார்த்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அத்தனையிலும் என் நாயகி தலைகீழ்! பூட்ஸ் வானத்தைப் பார்க்கிறது, தலை அடியில் திரிப் பக்கம் தொங்குகிறது. ஒட்டிய மாரியம்மாளிடம் எகிறினேன். வருசக் கணக்காக வெடிமருந்தோடு புழங்குகிறவள், பசைக் கையைக்கூடத் துடைக்காமல் பதில் சொன்னாள்: "திரிக்குப் பக்கத்துல தீயக் கொண்டாந்து வச்சது நீங்க அண்ணாச்சி, படமாவே இருந்தாலும் நாங்க அங்கன வைப்பமா?"

மூன்று பொய்

மறுபடி ஒட்ட நேரமில்லை. லோடோடு என்னையும் அனுப்பினார் முதலாளி. வழியிலேயே மூன்று பொய் தயார் செய்தேன். ஜப்பானில் எல்லாரும் இப்படித்தான் பறப்பார்கள் என்பது அதில் சுமாரானது.

வியாபாரி ராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பிள்ளை ஏன் தலைகீழா நிக்கிது?" என்றார். எனக்கு என்ன கேடோ, மாரியம்மாள் சொன்னதை அப்படியே சொல்லித் தொலைத்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு லாரிக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "படத்துத் தீயவே திரிகிட்ட அண்ட விடாதவுக செஞ்ச சரக்குப்பா, அம்புட்டையும் இங்கனயே இறக்கு!"

அன்று ஒரு நாள் உண்மை பேசி என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன் என்றாலும், இந்த வயதில் அது பழக்கமாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.