வரிசையில் நின்ற செருப்புகள்

கடையநல்லூரில் கல்யாண வீடு என்றால், பெண்கள் பக்கம் படம் எடுக்க ஜாஹிரா அக்காவை விட்டால் வேறு ஆள் கிடையாது. எடுத்து முடித்ததும் மெமரி கார்டையும் அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வருவார். ஒரு பெண்ணின் முகம்கூட அவர் மூலமாக வெளியே போனதில்லை. அதனால்தான் எல்லா வீட்டிலும் அவரை உள்ளே விட்டார்கள்.

நான் உமாசங்கர். தென்காசியில் ஒரு நாளிதழுக்குப் பன்னிரண்டு வருடமாக நிருபர். சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் ஆசிரியருக்குக் குற்றாலம் தவிர உலகமே இல்லை. தினமும் முதல் பக்கத்தில் ஐந்தருவி, மெயின் அருவி, மறுபடியும் ஐந்தருவி. அப்படி ஒரு ஜூன் மாதத்தில்தான் அக்கா கூப்பிட்டார்.

பக்கத்து ஊர் சுகாதார நிலையத்துக்கு லேடி டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருகிறாராம். பார்ப்பது முப்பது பேர், வருவதோ எழுபது பேர். அக்காவின் தம்பி மனைவி நஸீபாவுக்கு எட்டாம் மாதம். இரண்டு வாரமாக டாக்டரைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறாள். தினமும் டாக்டர் வரவேண்டும், பேப்பரில் போடு என்றார்.

படம் இல்லாமல் செய்தி நிற்காது, அதிலும் முகம் தெரிய வேண்டும் என்று பெரிய மேதை மாதிரி சொன்னேன்.

வியாழக்கிழமை இருவரும் போனோம். கேமராவைப் பார்த்ததுமே பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். நஸீபாவும்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஊருக்காக வந்தால் ஊரே முதுகைக் காட்டுகிறதே என்று முணுமுணுத்தேன். அக்கா என்னைச் சட்டை செய்யவே இல்லை.

வெயில் ஏறியது. பெண்கள் வரிசையில் தங்கள் இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார்கள். ரேஷன் கடையில் பையைப் போட்டு இடம் பிடிப்போமே, அந்த மாதிரி. பூட்டிய கதவிலிருந்து வெளிவாசல் வரை எழுபது ஜோடிச் செருப்பு. அக்கா தரையோடு தரையாகக் குனிந்து படம் எடுத்தார். பொழுது போகாமல் எடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்றும் நஸீபாவின் முறை வருமுன்பே முப்பது பேர் முடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அந்தப் படத்தையே அனுப்பினேன்.

ஆசிரியர் போனில் பிடித்துக்கொண்டார். கர்ப்பிணிகள் வரிசை என்கிறாய், பாதிக்கு மேல் ஆம்பிளைச் செருப்பாக இருக்கிறதே, யாரை ஏமாற்றுகிறாய் என்றார். எனக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அக்காவிடம் கேட்டேன்.

"மாசம் ஏற ஏற காலு வீங்குதுல்லா தம்பி. அவுங்க செருப்புக்குள்ள காலு நுழையாது. மாப்பிள்ளைமாரு வெளிநாட்டுக்குப் போவும்போது விட்டுட்டுப் போனதப் போட்டுட்டு வருதாங்க."

அதை அப்படியே ஆசிரியரிடம் சொன்னேன். மறுநாள் படம் முதல் பக்கத்தில் வந்தது. கீழே அக்கா சொன்னது, அதற்கும் கீழே 'படம்: ஜாஹிரா பீவி'. அருவி ஏழாம் பக்கத்துக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை வளைகுடாவில் விடுமுறை. காலையிலேயே படம் வாட்ஸ்அப்பில் ஏறி தம்மாம், துபாய் என்று சுற்றியது. நஸீபாவின் கணவன் ஹுஸைஃபா அங்கிருந்து தினமும் வீடியோ காலில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வாரில் நீல நூலால் தானே தைத்த செருப்பை அந்தப் படத்தில் பார்த்ததும் உடனே கூப்பிட்டான்.

"ஏட்டி, அது என் செருப்புல்லா? காலு இவ்வளவு வீங்கியிருக்குன்னு ஏன் சொல்லல?"

அவள் அழுதாளாம். அவன் சும்மா இருக்கவில்லை. தன்னோடு அறையில் தங்கியிருந்த அத்தனை பேரையும் மாவட்ட நிர்வாகத்துக்குப் புகார் அனுப்ப வைத்தான். அவரவர் செருப்பை அடையாளம் கண்ட மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சாயங்காலத்துக்குள் புகார்கள் முந்நூறைத் தாண்டிவிட்டன. அதிகாரிகள் ஓடி வந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து தினமும் லேடி டாக்டர் என்று உத்தரவு. உட்கார நாற்காலிகளும் வந்து இறங்கின. எனக்கு ஊர்வலம் போகவேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை முதல் டோக்கன் நஸீபாவுக்கு. பிரஷரைப் பார்த்த டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை, நேரே ஆம்புலன்ஸில் தென்காசிக்கு அனுப்பினார். வியாழக்கிழமை வரை விட்டிருந்தால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதமில்லை என்று அங்கே சொன்னார்கள். அன்று மாலையே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

பன்னிரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கில் படம் அனுப்பியிருக்கிறேன். உயிரைக் காப்பாற்றியது அந்த ஒன்றுதான். அதை எடுத்தது நானில்லை.