எர்த் குழிக்குத் தண்ணீர்

டயாலிசிஸ் முடிந்து தி. நகரிலிருந்து திரும்பும் வழியில், பின் சீட்டில் சாய்ந்திருந்த அம்மா, "இந்த வண்டி குலுக்கவே இல்லடா" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். முன் சீட்டில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. எங்கள் பழைய டீசல் காரில், வாந்தி வருகிறது என்று அவள் சொன்னதுகூட எனக்குக் கேட்டதில்லை. அன்று வந்திருந்தது மின்சார டாக்ஸி. வீடு வந்து சேர்வதற்குள் போனில் எல்லா மாடல்களையும் ஒப்பிட்டு, எது வேண்டுமென்று முடிவே செய்துவிட்டேன்.

எனக்கு எதிலும் அவசரம்தான். பெட்ரோல் பங்க் பக்கம் போக வேண்டாம், ஆயில் மாற்ற வேண்டாம், டீசல் கார் மக்கர் பண்ணும்போதெல்லாம், ஒருநாள் விட்டு ஒருநாள் போகிற டயாலிசிஸுக்கு ஆட்டோக்காரர்களிடம் கெஞ்ச வேண்டாம் என்று அம்மாவிடம் அடுக்கினேன். வண்டி வந்த பிறகுதான் மற்றவை வரிசையாக வந்தன. எங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை தடிமனான ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. வீட்டுக் கரண்ட் பில் ஒரேயடியாக மேல் கட்டணத்துக்குத் தாவியது. பாட்டரிக்குள் மழைநீர் புகுந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டினேன். யாருமே சொல்லாமல் விட்டது எர்த்தைப் பற்றி.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்பு பழையது. முழுக் கட்டடத்துக்கும் ஒரே எர்த் குழி. பின்சுவரோரம் கரியும் உப்பும் கொட்டி ஒரு இரும்புக் குழாயைப் புதைத்திருக்கிறார்கள். எங்காவது மின்சாரம் கசிந்தால், நம் உடம்பு வழியாகப் போகாமல் அந்தக் குழாய் வழியாக மண்ணுக்குப் போய்விடும். ஆனால் மண் ஈரமாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மண் வெடித்துக் கிடந்தபோது ஒருநாள் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எர்த் போதவில்லை, ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்றது வண்டி. ஒரு பக்கெட் தண்ணீரைக் குழியில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் பச்சை எரிந்தது.

அன்றிலிருந்து காலையில் பல் தேய்ப்பதற்கு முன் எனக்கு அதுதான் வேலை. கேட் ஓரம் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவர் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்.

"இன்னா நைனா, செடியே இல்லாத எடத்துல டெய்லி தண்ணி ஊத்திக்கினு கீற?"

"கார் முளைக்கும்ணே."

"மொளைச்சா எனக்கு ஒரு கன்னு குடு. என் பொண்ணு கல்யாணத்துக்கு ஆவும்."

ஆடியில் அலுவலக வேலையாகச் சில நாள் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பின்பக்கம் முழுவதும் புத்தம் புதுச் சிமென்ட். குழி இருந்த இடமே தெரியவில்லை. அசோசியேஷன் செயலாளர் மாமா கீழேயே நின்றுகொண்டிருந்தார்.

"நீ ஊத்தற தண்ணி தேங்கிண்டு ஒரே கொசுடா. யாராவது வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? அதான் மூடச் சொல்லிட்டேன்."

"மாமா, அது எர்த் குழி. ஈரம் இல்லேன்னா என் கார் சார்ஜ் ஏறாது."

"ஏறறதே! எலக்ட்ரீஷியனை வச்சுப் பாத்துட்டேன். உங்கம்மாவை அழைச்சுண்டு போற வண்டி, நின்னுடப்படாதுன்னு எனக்குத் தெரியாதா?"

நான் பிளக்கைச் செருகினேன். பச்சை எரிந்தது. ஆவணியில் எரிந்தது. மழையே இல்லாத புரட்டாசியிலும் எரிந்தது. சொட்டுத் தண்ணீர் இறங்காத மண்ணை வைத்துக்கொண்டு இந்த விளக்கு எப்படிப் பச்சையாக எரிகிறது என்று பெட்டியைக் கழற்றிப் பார்க்கத் தோன்றும். அம்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவேன்.

போன வாரம் முதல் தூறல். பார்க்கிங்குக்குள் சாரல் அடித்துத் தரை நனைந்திருந்தது. வண்டி இன்னும் சார்ஜில்தான் இருந்தது. நான் பிளக்கை எடுக்கக் குனிந்தபோது, செருப்பை உதறிவிட்டு ஏறுவதற்காக அம்மா கதவுப் பிடியில் கை வைத்தாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"சுருக்குங்குதுடா."

டயாலிசிஸ் ஊசி குத்தாத கைதான். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அவளை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

திரும்பி வந்ததும் மெயினை அணைத்துவிட்டு, பிளக் செருகுகிற பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே விரல் நீளத்தில் ஒரு ஒயர்த் துண்டு, எர்த்தையும், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரையும் சேர்த்துக் கட்டியிருந்தது. அது இருந்தால், எர்த் இருக்கிறதென்று கார் நம்பிவிடும். எங்காவது நியூட்ரல் லூசானாலே காரின் உடம்பில் கொஞ்சம் கசியும்; முழுதாக விட்டுப்போனால் உடம்பு முழுக்கக் கரண்ட்.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன்.

"அதுவா சார்? அம்மா ஆஸ்பத்திரி போற வண்டி, எப்டியாவது ஓடணும்னு செயலாளர் சொன்னாரு. நம்ம ஏரியால நெறைய பேருக்கு இப்டித்தான் கட்டிக் குட்த்துக்கீறேன். இதுவரிக்கும் ஒன்னியும் ஆவல சார்."

அந்தத் துண்டை வெட்டி எடுத்தேன். மறுபடி செருகியதும் சிவப்பு. அதைப் பார்த்ததில் ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் மேலே நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு தளத்திலும் கெய்சர், வாஷிங் மெஷின். கீழே தண்ணீர் மோட்டார், லிஃப்ட். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குழி. காய்ந்துபோய், சிமென்ட்டுக்கு அடியில். காருக்கு மட்டும்தான் சிவப்பு காட்டத் தெரிந்தது. மற்றவை எதுவும் காட்டிக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதல் மாடியில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

மாமாவிடம் ஓடினேன். பொறுமையாகத்தான் கேட்டார். "இத்தனை வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலையேடா. போட்ட தரையை உடனே பேத்தா எல்லாரும் என்னைத்தான் கேப்பா. தீபாவளி கழியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

தீபாவளி மழையோடுதான் வரும். வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று டிவியில் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மழைத் தண்ணீர் மேலே தேங்கித் தரையை நனைக்கும். சிமென்ட்டைத் தாண்டி குழிக்குள் இறங்காது. அம்மாவிடம் குளியலறை சுவிட்சைத் தொடாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். எத்தனை பேரிடம் போய் அப்படிச் சொல்வது?

இப்போதைக்கு நந்தனத்தில் ஒரு பொது சார்ஜர் முன்னால் டாக்ஸிகளுக்குப் பின்னால் வரிசையில் காத்திருந்து ஏற்றிக்கொள்கிறேன். நாளை அம்மாவுக்கு டயாலிசிஸ் இல்லை. இஸ்திரிக்காரர் எனக்காகத் தன் மச்சானிடம் ஒரு கடப்பாரை வாங்கி வைத்திருக்கிறார். மாமா கோயிலுக்குக் கிளம்பியதும் குழி இருந்த இடத்தில் சிமென்ட்டை உடைத்துப் பார்க்கப்போகிறேன்.