கழுத்துக்குக் கீழே

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் நான் வேலை பார்த்தபோது, என் கம்ப்யூட்டரில் 'உடம்பு' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை உடம்பு, கோட்டு போட்ட உடம்பு, பட்டுச்சேலை உடம்பு. செத்தவரின் ஆதார் அட்டையிலிருந்தோ கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்தோ தலையை மட்டும் வெட்டியெடுத்து, தோதான உடம்பில் ஒட்டி, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு அச்சுக்கு அனுப்புவேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அதை நான் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் சிவகாசியில் காலண்டர் முருகனுக்குக் கன்னம் சிவக்க வைத்தேன். பிறகு ஜவுளிக்கடைப் பை, உப்புப் பாக்கெட், ஏற்றுமதி இறால் பெட்டி. இருபது வருஷத்தில் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. மாசம் பிறந்தால் சம்பளம் வந்தது.

ஒரு நாள் தருவைகுளத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவர் கையில் இருந்தது கணவரின் வாக்காளர் அட்டை ஒன்றுதான். முகத்தைத் துடைத்தெடுத்து, வெள்ளைச் சட்டை உடம்பில் பொருத்தி, தோளைச் சற்று அகலமாக்கி, திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"தல அவியளுதுதான். மத்ததெல்லாம் யாருது?"

எனக்கும் தெரியாது. இணையத்தில் எப்போதோ எடுத்து வைத்தது. வேறு வழியில்லாமல் அவர் அதையே வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்கு வந்தது இரக்கம் இல்லை, என்மேலேயே அருவருப்பு. அடக்கம் பண்ண உடம்பு கிடைக்காத ஒருத்திக்கு, ஊர் பேர் தெரியாத எவனோ ஒருவனுடைய உடம்பைக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

அடுத்த மாதம் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். உயிரோடு இருக்கிறவர்களை, அவர்களுடைய சொந்த உடம்போடு, தலையிலிருந்து கால்வரை எடுப்பது என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் போதுமா? கடற்கரையில் பாதிப்பேருக்கு என்னைத் தெரியும். சாவு போஸ்டர் போடுகிற அண்ணாச்சி கேமராவோடு வாரார் என்றதும் பெண்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை வலையையும் நாயையும் மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

திரேஸ்புரத்தில் கடலுக்குள் மூழ்கிச் சங்கு குளிக்கிற ஒருவர்தான் முதலில் நின்றார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். செத்தால் எப்படியும் உங்களிடம்தான் வரவேண்டும், இப்போதே எடுத்துவிடுங்கள் என்று சிரித்தார். உடம்பு ஈரம் காயாமல், இடுப்பில் சங்குப் பையோடு, பாதங்களை மணலில் நன்றாக ஊன்றி நின்றார். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இருக்கிற மனுஷனைச் சுவரில் மாட்டக் கூடாது என்று அவர் மனைவி அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. ஒன்றையும் வெட்டாமல், ஒன்றையும் ஒட்டாமல் நான் கொடுத்த முதல் படம் அது. அவர் நின்றதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள்.

மறு வருஷம் அவருக்கு அது நடந்தது. படகிலிருந்து இறங்கும் குழாய் வழியாக வரும் காற்றைத்தான் அவர்கள் ஆழத்தில் சுவாசிப்பார்கள். காற்று நின்றுபோயிருக்கிறது, அவர் சட்டென்று மேலே ஏறிவிட்டார். அப்படி ஏறக் கூடாது, ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிவிடும். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சில மாதம் கழித்துத்தான் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். இன்றைக்குப் படம் எடுக்கவில்லையா என்று அவராகவே கேட்டார். எல்லாம் சரியானதும் எடுக்கலாம் என்று பொய் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நின்னப்ப எடுத்தீய. இப்ப மட்டும் கூசுதோ? எடுங்க. கால விட்டுராதீய."

அவர் மனைவி போர்வையை விலக்கினார். தொடையெல்லாம் வற்றி, கால் இரண்டும் கட்டைபோலக் கிடந்தன. அவர் கேமராவை நேராகப் பார்த்தார். நான் ஒரே ஒரு முறை அழுத்தினேன்.

திரையில் பார்த்தேன். இருபது வருஷத்தில் நான் செய்த எதையும் அதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது. இனி சாகிறவரைக்கும் என் வேலை இதுதான் என்று அந்த நிமிஷம் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்த வீட்டில், அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர் மனைவி படத்தைப் பார்க்க வரவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்துட்டு போல, அண்ணாச்சி" என்றார்.